வேகமாக வந்த படம்

எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் கற்றேன். அந்த விரலை வைத்துத்தான் பிறகு கேளம்பாக்கத்தில் வேலை கிடைத்தது. ரோடு அகலமாகிக்கொண்டிருந்த காலம். எங்கே பார்த்தாலும் ஃப்ளாட்.

கம்பெனி ஒரு மாடியில் மூன்று அறை. முதலாளி, ஒரு இஞ்சினியர், நான். ஃப்ளாட் கட்டுகிறவர்கள் வருவார்கள். இத்தனை போர்வெல் போட்டுத் தண்ணீரை உறிஞ்சினால் கடல் உப்பு நிலத்தடியில் எதுவரை வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்போம். கம்ப்யூட்டர் அதைப் படமாகக் காட்டும். நல்ல தண்ணீர் நீலம், உப்பு சிவப்பு.

கறுப்புத் திரை ஒன்று. ஒரு வரி அடித்தால் உடனே பதில் சொல்லும். இன்னொரு வரி, இன்னொரு பதில். ஆனால் பெரிய கணக்கு என்றால் மதியம் முழுக்க இழுக்கும். முதலாளிக்கு அது பிடிக்காது. அதனால் இஞ்சினியர் கணக்கில் கனமான பகுதியை மட்டும் வெட்டி, வேறு பாஷையில் எழுதி, அந்தத் திரைக்குள்ளேயே ஒட்டினார். முதல் தடவை அதைக் கம்பைல் பண்ண, அதாவது தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ள, மெஷின் கொஞ்சம் முக்கும். பண்ணியதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவையிலிருந்து கண் மூடித் திறப்பதற்குள் படம்.

எனக்குப் புரிந்த விதத்தில், அரைத்து வைத்த மாவு மாதிரி. ஆனால் மெஷின் பாத்திரத்தைத்தான் பார்க்கும். வெட்டி ஒட்டிய துண்டில் ஒரு எழுத்தும் மாறவில்லையா, புதுசாக அரைக்காது. போர் எத்தனை, ஆழம் எவ்வளவு என்கிற எண்களெல்லாம் பக்கத்தில் தனி ஃபைலில் இருந்தன. அரைக்கும்போது ஒரு தடவை அதையும் சேர்த்துக்கொள்ளும், பிறகு எட்டிப் பார்க்காது.

ஆள் வருகிற நாளில் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். முதலாளி ஊதுவத்தி கொளுத்தி மானிட்டரைச் சுற்றுவார். இஞ்சினியர் அந்த மனைக்கேற்பத் துண்டை மாற்றி ஒரு தடவை சும்மா ஓட்டி வைப்பார். மெஷின் முக்குவதை வருகிறவர் பார்க்கக் கூடாதாம். சமைத்ததைச் சூடு பண்ணி அப்போதுதான் இறக்கியதாகச் சொல்வது போல.

அன்றைக்கு வந்தவர் படூருக்கு உள்ளே தள்ளி ஃப்ளாட் கட்டுகிறவர். அந்த மனைக்கு அடுத்த நிலம் என் அக்கா வீட்டுக்காரருடையது. ஒரு கிணறு, கால் காணி கீரை. அதுதான் அவர்களுக்குச் சோறு.

காலையில் இஞ்சினியர் இரண்டு போர் என்று வைத்து ஓட்டியிருந்தார். வந்தவர் உட்கார்ந்ததும், பிளான் மாறிவிட்டது, ஆறு போர் என்றார். இஞ்சினியர் சொல்ல, ஃபைலில் இரண்டை எடுத்து ஆறு என்று அடித்தேன். ஓட்டினார். படம் வந்து விழுந்தது. அக்கா நிலம் முழுக்க நீலம். வந்தவர் கை தட்டினார். முதலாளியும் தட்டினார். தாளில் எடுத்துக் கொடுத்தோம். இனிப்பு வந்தது.

அவர் கார் ஏறியபின் இஞ்சினியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வந்த படமும் இதுவும் ஒன்றாகவே இருக்கிறதே என்றார். சேர்த்து வைத்ததை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார். மெஷின் முக்கியது. சிவப்பு அக்கா கிணற்றைத் தாண்டிப் போய் நின்றது.

“பழைய ரெண்டு போர் கணக்கே ஓடிடுச்சு” என்று சொல்லிச் சிரித்தார். வாயில் இன்னும் இனிப்பு இருந்தது.

முதலாளியிடம் போனார். நானும் பின்னால் போய் நின்றேன். முதலாளி தலையைத் தூக்கவில்லை.

“வேகமா வந்ததத்தான் அவரு வாங்கிட்டுப் போனாரு. மெதுவா வர்றத யாரு கேட்டா?”

இஞ்சினியர் சரி சார் என்று வந்துவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. சிவப்புப் படத்தை எனக்கு ஒரு தாளில் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். கலர் இங்க் தீர்ந்துவிடும் மேடம் என்றார். திரையையும் மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து அக்கா வீட்டுக்குப் போனேன். ஃப்ளாட்காரர் ஆள்கள் எனக்கு முன்பே வந்து போயிருந்தார்கள். நீலத்தாளை ஊரில் எல்லோருக்கும் காட்டி, போர் போட எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று மறுநாள் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். அக்கா கீரைக்கட்டுக்கு நார் கட்டிக்கொண்டிருந்தாள். போடாதே என்றேன். ஏன் என்றாள். மாவுக் கதையைச் சொன்னேன். சிரித்தாள்.

“மாவு புளிச்சா தோசைக்கு நல்லதுதான்டீ.”

“வெளையாடாத. உப்பு வருது. நான் கண்ணால பாத்தேன்.”

“உங்க கம்பெனி பேப்பர்லதான் நல்ல தண்ணின்னு போட்டுகீது. நீ வந்து வாயால இல்லன்றே. ஊர்ல நான் இன்னான்னு சொல்லுவேன்? என் தங்கச்சி டைப் அடிக்கிறா, அவ சொன்னா, அப்டின்னா?”

மாமாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஊரே போடும்போது நாம் மட்டும் எப்படி என்றார். அக்கா முடிச்சை இறுக்கினாள்.

“பொறுமையா வந்ததுதான் நெசம்னு உனக்கு இன்னா தெரியும்?”

புதிதாகக் கம்பைல் ஆனது அதுதான் என்றேன். எனக்கே அது பதிலாகப் படவில்லை. கையில் தாள் இல்லை. அவர்களிடம் தாள் இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் வேலைக்குப் போனேன். வேறு வேலை இல்லை. அடுத்த ஆள் வந்தார், அடுத்த ஊதுவத்தி, அடுத்த கைதட்டல். அந்தக் கோளாறை யாரும் திருத்தவில்லை. சேர்த்து வைத்த பழசை அழித்துவிட்டு ஓட்டுங்கள் என்று ஒரு நாள் சொன்னேன். அழித்தால் லேட் ஆகும் மேடம் என்றார் இஞ்சினியர்.

ஃப்ளாட் எழும்பியது. ஆறு போரும் ஓடின. இரண்டு கோடை போனது. முதலில் கீரையின் ஓரம் கருகியது. உரம் அதிகமாகிவிட்டது என்றார் மாமா. பிறகு விதைத்தது முளைக்கவில்லை. ஃப்ளாட்காரர்களுக்கே லாரியில் தண்ணீர் வர ஆரம்பித்தது. புதுசாக எங்கே போர் போடலாம் என்று கேட்டு அதே ஆள் எங்கள் மாடி ஏறினார். முதலாளி எழுந்து நின்று கை கொடுத்தார். எங்களிடம் இப்போது இன்னும் வேகமான மெஷின் இருக்கிறது என்றார். நான் எழுந்துபோய் வாஷ்பேசினில் துப்பினேன்.

அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். நிலத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மாமா ஃப்ளாட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போயிருந்தார். அக்கா கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தேன். முழுக்கக் குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா, உப்பா கீதா?”

“கீது” என்றேன்.