முத்திரை விழாத ஒரு பில்

திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்காரனுக்குத் துணியும் சொந்தமில்லை, தைத்த பனியனும் சொந்தமில்லை. மூன்று மாதம் கழித்து வரப்போகிற பில் பணம் ஒன்றுதான் சொந்தம். நான் அதையும் அடகு வைத்தவன். என்னைப் போலவே பில்லைக் காட்டிக் கடன் வாங்கிச் சம்பளம் போடுகிற பாவப்பட்ட சனங்களே, இது உங்களுக்குத்தான்.

ஊதா முத்திரை

நூறு ரூபாய் பில்லுக்கு எண்பது ரூபாயை பைனான்ஸில் அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். பதிலுக்கு, 'பணத்தை எங்கள் கணக்கில் மட்டும் செலுத்தவும்' என்று பில்லில் ஊதா முத்திரை குத்துவார்கள். அதை நாமே தையல் வேலை கொடுத்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். இதைவிட மானக்கேடு உண்டா?

முதல் தடவை, பில்லைச் சட்டைக்குள் ஒளித்து எடுத்துப் போனேன். கம்பெனிக் கணக்காளர் ரஹீம் பாய் முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தங்கமான மனுஷன், குரல்தான் பெரிசு. ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்: "ஏனுங்க, ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

அவிழ்க்காத சாக்கு

வீட்டில் யாருமே இல்லை என்பதுதான் சங்கதி. மிஷின் வாங்குவதற்காக வாடகை வீட்டைக் காலி செய்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவிட்டேன். மனைவி சாந்தியும் மகளும் கொமரலிங்கத்தில் மாமனார் வீட்டில். நான் யூனிட்டில், துணிக்கட்டு மேல். முத்திரை விழாத ஒரே ஒரு பில் முழுசாக என் கணக்குக்கு வரட்டும், மறுநாளே வீடு பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மாதம் ஒரு ஞாயிறு போவேன். திரும்பி பஸ் ஏறும்போது மகள் என் சட்டையை விடமாட்டாள். திருப்பூரிலிருந்து கொண்டுபோன பாத்திரச் சாக்கு மூலையில் கட்டினபடியே கிடக்கும். வேண்டியதை எடுத்துப் புழங்கக் கூடாதா என்று கேட்டேன். சாந்தி சொன்னாள்: "அவுத்தா இங்கியே இருந்துக்கிட்டாப்ல ஆயிருமுங்க."

பதினோரு சனிக்கிழமை

எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பளம். ஒரு பில்லை முத்திரை குத்தாமல் வைத்திருக்க வேண்டுமானால் பதிமூன்று சனிக்கிழமையைத் தாண்டியாக வேண்டும். இந்த வருஷம் வீம்பாக இறங்கினேன். பைக்கை விற்றேன், மோதிரத்தை விற்றேன், மச்சானிடம் கை நீட்டினேன். பதினோரு சனிக்கிழமை தாண்டியாயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ரெண்டு ரூம் வீடு ஒன்றைப் பார்த்து, அடுப்பு எங்கே வைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரஹீம் பாய் போன் பண்ணினார். சரக்கு துறைமுகத்திலேயே நிற்கிறதாம், பணம் வர இன்னும் இரண்டு மாசம் ஆகுமாம். விடிந்தால் சம்பளம், கையில் சல்லிக்காசு இல்லை. பில்லை எடுத்துக்கொண்டு பைனான்ஸுக்கு ஓடினேன். மேனேஜர் எழுந்து நின்றே வரவேற்றார்: "வாங்க வாங்க, எங்க மேல கோவிச்சுக்கிட்டீங்களோன்னு நெனச்சனுங்க!"

குக்கர்

சாந்திக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டாள். பிறகு சொன்னாள்: "சாக்கை அவுத்துட்டனுங்க. குக்கர் மட்டுந்தான் எடுத்தேன்."

முத்திரை, கையெழுத்து எதுவும் கேட்காமல் என் வெறும் வாக்கை நம்பி இரண்டு வருஷம் தவணை கொடுத்தவள் அவள் ஒருத்திதான், அவளுக்கும் நான் தவணை தவறிவிட்டேன்.