பத்தேதாரியும் பட்டதாரியும்

குக்கர் விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது ரமேஷ் கூப்பிட்டார். மஞ்சுளாவின் கணவர். அவர் என்னைக் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. "அக்கா, மஞ்சு போய்ட்டா" என்றார். "எங்க போனா?" என்று கேட்டேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முந்தின நாள்கூட என்னிடம் பேசினாள்; ஆஸ்பத்திரி இட்லியை ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். குணமாகி வீட்டுக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். எதிர்முனையில் அவர் அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்புறம் அடுப்பை யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் அவள் வீட்டுச் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. முனையிலேயே இறங்கி நடந்தேன். பிரான்சிஸ் எனக்கு முன்னால் வந்து ஷாமியானாவின் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் ஒரே கவிஞன், பிரேசர் டவுன் பிரான்சிஸ். இன்று பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நீ எழுது. மன்றத்துல இருந்தவங்க எல்லாரும் படிக்கட்டும்" என்றான். ஆகவே இது உங்களுக்காக எழுதுவது. உங்களில் பலருக்கு மஞ்சுளா என்றால் "அந்த வாயாடி". அதில் பொய்யொன்றும் இல்லை. ஆனால் நம் மன்றத்தின் மாணவர் இதழ் எப்படி வந்தது என்ற கதை முழுதாக மூன்று பேருக்குத்தான் தெரியும். இப்போது இரண்டு பேருக்கு.

நான் கும்பகோணத்திலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்தவள். என் தமிழின்மேல் எனக்கு அப்போது தலைகால் புரியாத கர்வம். மஞ்சு பி.காம். படித்தாள், மொழிப்பாடம் கன்னடம். ஆனாலும் மன்றக் கூட்டம் ஒன்று விடாமல் முன்வரிசையில் வந்து உட்காருவாள். "கன்னடம் எடுத்தவளுக்கு இங்க என்ன வேலை?" என்று யாரோ கேட்டதற்கு, "வூட்ல சண்ட போடுறது தமிழ்ல. இங்க வராம வேற எங்க போவேன்?" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டோம்.

கல்லூரியில் ஆங்கிலத்துக்கு ஒரு மாணவர் இதழ் உண்டு, கன்னடத்துக்கு ஒன்று உண்டு. தமிழுக்குக் கிடையாது. முதல்வரிடம் போய்க் கேட்டது மஞ்சுதான். நானும் பிரான்சிஸும் பின்னால் நின்று தலையாட்டினோம். மஞ்சு சரளமான கன்னடத்தில் பேசிய பேச்சில் அவர் மறுக்க வழியில்லாமல், "ஆண்டு விழாவுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும்" என்று மட்டும் சொல்லி அனுமதித்தார். வெளியே வந்ததும் மஞ்சு என் கையைக் கிள்ளினாள். "நம்ம புக்கு மா! நம்ம புக்கு!" அந்த 'நம்ம' அவளுக்கு எவ்வளவு பெரிது என்று அன்று எனக்குத் தெரியாது.

என்ன மாதிரி இதழ் என்பதில்தான் சண்டை தொடங்கியது. பிரான்சிஸ் முழுக்க முழுக்கக் கவிதை என்றான். நான் ஆய்வுக் கட்டுரைகள் என்றேன். கேன்டீனில் ஆறிப்போன டீயை வைத்துக்கொண்டு மஞ்சு எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "எழுதுனவன் மட்டும் படிச்சா அத்து புக்கு இல்ல, டைரி" என்றாள். "அடுத்த பக்கம் இன்னா ஆகுதுன்னு ஜல்தி ஜல்தியா திருப்பணும். அந்த மாதிரி போடுங்க." எந்த மாதிரி என்று பிரான்சிஸ் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு டீ வாங்கப் போய்விட்டான். பக்கத்து மேசையில் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் மஞ்சு என் பக்கம் குனிந்து சொன்னாள்: "பத்தேதாரி கதெ."

என் காதில் விழுந்தது பட்டதாரிக் கதை.

கன்னடத்தில் 'பத்தே' என்றால் தடயம். பத்தேதாரி என்றால் துப்பறிதல். பெங்களூரில் பிறந்த எவருக்கும் தெரிகிற சொல். கும்பகோணத்துக்காரிக்கு எப்படித் தெரியும்? எனக்கோ பட்டதாரிக் கதை என்றதும் மெய்சிலிர்த்துவிட்டது. எங்களோடு படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களுடைய கதைகள்! இந்த வாயாடிக்குள் இப்படியொரு யோசனையா என்று அசந்துபோனேன். டீயோடு திரும்பிய பிரான்சிஸிடம் சொன்னேன். கவிதைக்கு இரண்டு பக்கம் தருவதாக இருந்தால் சரி என்றான்.

அன்றே அட்டையில் அறிவிப்பு எழுதி மாட்டினேன். "பட்டதாரிக் கதைகள் வரவேற்கப்படுகின்றன. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள பட்டதாரியைப் பற்றி எழுதுங்கள்." மஞ்சு இடுப்பில் கைவைத்து அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "ஜோரா கீது. எழுத்து முத்து முத்தா கீது" என்றாள். நான் பூரித்துப்போனேன்.

கதைகள் வந்து குவிந்தன. ஒரு மாலை, காலியான வகுப்பறையில் உட்கார்ந்து பிரான்சிஸ் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தான். மகன் பட்டம் வாங்கியதும் தெருவுக்கே கேசரி கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வேலை எங்கே என்று கேட்ட அம்மாவின் கதை. பட்டமளிப்பு அங்கியை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தில் எல்லோரும் மாற்றி மாற்றிப் போட்டுப் படமெடுத்துக்கொண்ட கதை. எனக்குக் கண் கலங்கியது. மஞ்சு மட்டும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அத்தெல்லாம் சரி. கொல எப்போ வரும்?"

"எந்தக் கொலை?"

"பத்தேதாரி கதென்னா ஒரு கொல, ஒரு திருட்டு, ஒண்ணும் இல்லாமயா? இதுங்க எல்லாம் பரீட்ச எழுதுது, பாஸ் ஆவுது, அழுவுது!"

பிரான்சிஸுக்குத்தான் முதலில் விளங்கியது. சிரித்துச் சிரித்து பெஞ்சிலிருந்து விழப்போனான். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே, "போர்டுல அவ்வளவு பெரிசா பட்டதாரின்னு எழுதியிருந்தேனே, நீ படிக்கலையா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"எனக்குத் தமிழ் படிக்க வராது" என்றாள். "இஸ்கூல்ல இருந்து எல்லாம் கன்னடம்தான். தமிழ் பேசுவேன், கேப்பேன். எழுத்து தெரியாது." பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தமிழ் மன்றத்துல தமிழ் தெரியாதவ எதுக்கு? நீங்களே போடுங்க." நாங்கள் எழுந்திருப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

அப்புறம் அவள் மன்றத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. வகுப்பு முடிந்தால் நேராக பஸ் ஸ்டாப். இதழை அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கதைகள் தயார், கவிதைகூடத் தயார். ஆனால் அவள் இல்லாமல் அந்த இதழைக் கொண்டுவர எனக்கு மனமில்லை. அவள் கேட்டு வாங்கிய இதழ் அது. அதில் அவளுக்கு இடமில்லையென்றால் அது எவளுக்கு வேண்டும் என்று பிரான்சிஸிடம் கத்தினேன். "என்கிட்ட ஏன் கத்துற? அவ வீட்டுக்குப் போய்க் கத்து" என்றான்.

போனோம். கதவைத் திறந்த அவள் அம்மா எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க. அது மூஞ்ச தூக்கி வெச்சிகினு எதையோ எழுதிகினே கீது. நீங்களாச்சும் கேளுங்க" என்றார். மஞ்சு தாள்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிரான்சிஸ் பிடுங்கிப் பார்த்தான். பக்கம் பக்கமாகக் கன்னட எழுத்து.

"கன்னடக் கதையா?" என்று கேட்டேன்.

"தமிழ்தான். எழுத்துதான் அது" என்றாள். "நீ சொன்னதும் தப்பில்ல, நான் சொன்னதும் தப்பில்ல. ரெண்டையும் சேத்துட்டேன்."

படித்துக் காட்டச் சொன்னோம். ஒரு தெருவின் ஒரே பட்டதாரி காணாமல் போய்விடுகிறான். குழாயடியில் குடத்தோடு நிற்கிற ஒரு பெண் துப்பறியக் கிளம்புகிறாள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்கிறாள். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: ஒரு மனு எழுதித் தரச் சொன்னேன், ஒரு விண்ணப்பம் நிரப்பித் தரச் சொன்னேன், அதற்கப்புறம் பார்க்கவில்லை. கடைசியில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். நாலு தெரு தள்ளி, எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று சொல்லிக்கொண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். படிக்கத் தெரிந்ததை அவன் ஒளிக்கிறான் என்று அவள் கண்டுபிடித்த இடத்தில் நானும் பிரான்சிஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மஞ்சு தலையைத் தூக்காமல் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீயே உன் எழுத்துல மாத்தி எழுதிக்கோ. நான் படிக்கவா போறேன்?" என்று தாள்களை என்னிடம் நீட்டினாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. எழுதியவளே படிக்க முடியாத புத்தகம் என்ன புத்தகம்? "உன் கதை உன் எழுத்துலயே வரும்" என்றேன்.

"தமிழ் இதழ்ல கன்னட எழுத்தா?" என்று பதறினான் பிரான்சிஸ். "ரெண்டு பக்கமும் அடி விழும்."

"விழட்டும்."

மஞ்சு தாள்களை மடியில் வைத்து ஒழுங்காக அடுக்கினாள். பிறகு, "மன்றத்துல இருந்து என்ன தூக்கிட மாட்டாங்களே?" என்று கேட்டாள். அந்த வாயாடி அவ்வளவு சின்னக் குரலில் பேசி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தூக்கினால் மூன்று பேரையும் சேர்த்துத் தூக்கட்டும் என்றேன்.

ஆண்டு விழாவில் இருந்தவர்களுக்கு மிச்சம் தெரியும். இதழை வெளியிட்டவர் கன்னடப் பேராசிரியர். வடகர்நாடகத்துத் தார்வாட்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மேடையில் புரட்டிக்கொண்டே வந்தவர் கன்னட எழுத்தைக் கண்டதும் மகிழ்ந்துபோனார். தமிழ்ப் பிள்ளைகள் கன்னடத்துக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் என்று சொல்லி, மைக்கைப் பிடித்துக் கணீரென்று படிக்கத் தொடங்கிவிட்டார். இரண்டாவது வரியிலேயே அரங்கத்தில் சிரிப்பு கிளம்பியது. தமிழ் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயடிச் சண்டை வந்த இடத்தில் கேன்டீன்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். படிக்கிறவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. நிறுத்திவிட்டு, "ஏன்ரீ இது! ஓதாக்க பர்தைதி, திளியவல்து!" என்றார். படிக்க வருகிறது, விளங்கத்தான் மாட்டேன் என்கிறது!

மஞ்சு விடுவிடுவென்று மேடையேறி, எழுத்துதான் கன்னடம், பாஷை தமிழ், காணாமல் போன ஒருத்தன் கதை என்று அவர் காதில் சொன்னாள். கோபித்துக்கொள்ளப்போகிறார் என்று பயந்தேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மீதியையும் படித்தார். முழுக்கதையையும் தன் வாயால் படித்து முடித்த பிறகு மஞ்சுவைப் பார்த்து, அவன் கடைசியில் கிடைத்தானா இல்லையா என்று ஆவலாகக் கேட்டார். அன்றைய கைதட்டல் வேறெந்த மேடையிலும் நான் கேட்காதது. மஞ்சு அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு அவளை யாரும் உனக்கு மன்றத்தில் என்ன வேலை என்று கேட்கவில்லை.

படிப்பு முடிந்து அவள் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தாள், ரமேஷைக் கட்டிக்கொண்டாள், ஒரு பெண்ணைப் பெற்றாள். கதை எழுதும் கிறுக்கு எனக்குத்தான் தொற்றிக்கொண்டது. தமிழ் எழுத்து கற்றுத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். "காது கீதுல்ல, போதும். நீ படி, நான் கேக்கறேன்" என்பாள். எழுதியதையெல்லாம் போனில் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். ஒரு தடவைகூடக் கடைசிவரை விட்டதில்லை. "நில்லு, நில்லு. அந்தாளு மூணாவது பக்கத்துலயே செத்துட்டான். அப்புறம் எதுக்கு இத்தினி பக்கம்?" என்பாள். "இந்த இடம் பேஜாரு. நீயே கொட்டாவி விட்டுட்டுதான் எழுதியிருப்ப" என்பாள். நான் சண்டை போடுவேன். போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை அடித்துவிடுவேன். எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த கதைகளிலெல்லாம் அவள் வெட்டிய வெட்டு இருக்கிறது.

அவள் எனக்கு விட்டுப்போயிருப்பது இதுதான்: எதை எழுதினாலும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் வழக்கம். எழுத்தே தெரியாமல், கேட்டே ஒரு மொழியைச் சொந்தம் கொண்டாடியவள் கொடுத்தது. இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் போனைக் கையில் எடுத்து அவள் பெயரைத் தேடிவிட்டேன். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, ஆளில்லாத அறையில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். நடுவில் யாரும் நில்லு என்று சொல்லவில்லை. முதல்முறையாகக் கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தேன்.