மகளுக்குத் தெரியாமல் வைத்த சிமெண்ட்

என் முதுகில் ஒரு முள்ளெலும்புக்குள் சிமெண்ட் இருக்கிறது. கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் போதும், பெண்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். "நிஜ சிமெண்டா?" என்று ஒருத்தியாவது கேட்பாள். வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை, நொறுங்கிய எலும்பை ஒட்டுவதற்கென்றே இருக்கிற பசை என்று நானும் அலுக்காமல் விளக்குவேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. சொல்ல வேண்டிய ஒருத்தியிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

என் கணவருக்குப் பாதுகாப்புத் துறையில் வேலை. மதுரையிலிருந்து வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்டோம். ஒரே மகள். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தாள், வேலை கிடைத்தது, கல்யாணமாகி அமெரிக்கா போனாள். எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பெண்கள் அப்படித்தான் போனார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்ணால் வர முடியாது என்றால் தாய்வீடு பெட்டி கட்டிக்கொண்டு விமானம் ஏறும். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததுமே நான் விசா வாங்கிவிட்டேன். பிரசவ லேகியத்துக்கு மருந்துச் சாமான்கூட மதுரையிலிருந்து வந்துவிட்டது. டிக்கெட் போடுவதுதான் பாக்கி.

அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, லாலாகுடாவில் ஒரு சிநேகிதியைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். வேகத்தடை ஒன்றை டிரைவர் கவனிக்கவில்லை. நான் சீட்டை விட்டு எழும்பி, மறுபடி உட்கார்ந்தேன். அவ்வளவுதான். நடு முதுகில் உயிர் போகிற வலி. "குச் நை ஹோதா அம்மா", ஒன்றும் ஆகாது என்று டிரைவர் சமாதானம் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினார். வீட்டு வாசலில் என்னால் இறங்க முடியவில்லை, இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போயிருந்ததாம், அந்த ஒரு குலுக்கலில் ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிட்டது. டாக்டர் முதலில் படுக்கையும் பெல்ட்டும் மாத்திரையும் எழுதினார். என் அக்காவுக்கு மதுரைக்குப் போன் பண்ணியபோது அவள் போட்ட முதல் உத்தரவு இதுதான்: "பிள்ளைத்தாச்சிப் பொண்ணுகிட்ட போயி இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீக. அதிர்ச்சியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிப்போகும்." என் கணவர் உடனே தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பிள்ளை சுமப்பவள் காதில் கெட்ட செய்தி விழக்கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசாத விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் பேசுவாள். முகம் பார்த்துப் பேசுவதற்கென்று கம்ப்யூட்டரில் மாட்டும் கேமரா ஒன்றை அனுப்பியிருந்தாள். கேமரா கெட்டுவிட்டது என்றார் கணவர். மாப்பிள்ளை நல்ல மனுஷர், வேறொன்று வாங்கி அனுப்புகிறேன் என்றார், அதைத் தடுக்க இவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு வலியோடு சிரிப்பும் வந்தது. படுத்தபடி பேசியதால் என் குரல் மாறியிருந்தது. சளி என்றேன். டிக்கெட் எப்போது போடப் போகிறீர்கள் என்றாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், முடிந்ததும் போடுகிறோம் என்று இவர் சொல்லிவிட்டார். அடுத்த வாரமும் வெள்ளையடித்தோம். அதற்கடுத்த வாரமும் அடித்தோம். கோட்டைக்கு அடித்திருந்தால்கூட முடிந்திருக்கும்.

"வெள்ளையடிக்கிறது முக்கியமா, நான் முக்கியமாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். நீதான்டி என்று சொல்லிவிட்டு, உண்மையைச் சொல்லட்டுமா என்று கணவரைப் பார்த்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். போனை வைத்தபின் அழுதேன். முதுகு வலி என்று நினைத்து அவர் மாத்திரை எடுத்து வந்தார்.

படுக்கையில் கிடந்தும் வலி குறையவில்லை. புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டியிருந்தது. கடைசியில் வேறொரு டாக்டர், முதுகைக் கிழிக்கவே வேண்டாம், ஊசி வழியாகவே சிமெண்டைச் செலுத்திவிடலாம் என்றார். "நல்ல கம்பெனி சிமெண்டா போடச் சொல்லுவோம்" என்று கணவர் கேலி செய்தார்.

குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். எனக்கு நினைவு இருந்தது. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியை எலும்புக்குள் இறக்கினார் டாக்டர். பின்னால் யாரோ பொடியையும் திரவத்தையும் கலக்கினார்கள், நகப்பூச்சு மாதிரி நெடியடித்தது. இறுகுவதற்குள் செலுத்த வேண்டும், இருமாதீர்கள் அம்மா என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார். உள்ளே கனமாக ஏதோ அழுத்தியது. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது என்றார்கள். அன்று சாயங்காலமே எழுந்து நடந்தேன். முதுகில் சின்ன பிளாஸ்திரி மட்டும்தான். மாதக்கணக்கில் என்னைப் படுக்கப் போட்ட வலி போன இடம் தெரியவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் உளறினேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். "மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்காரில்ல, அவரு வாயால பிளேன் ஏறலாம்னு சொல்லட்டும். இப்பவே ஆசைகாட்டி, அப்புறம் இல்லேன்னா பிள்ளை தாங்க மாட்டா" என்றார் கணவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வெள்ளையடித்தோம்.

டாக்டர் தாராளமாகப் போகலாம் என்று சொன்னதும், ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே மகளைக் கூப்பிட்டேன். டிக்கெட் போடப் போகிறோம் என்றேன். "வேணாம்மா. அத்தை வர்றாங்க. டிக்கெட்லாம் போட்டாச்சு. நீங்க வீட்டு வேலையைப் பாருங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டு உண்மையைக் கொட்டியிருப்பேன். சின்ன வீடு, இரண்டு பேருக்கு இடமில்லை என்றும் சொன்னாள். பிரசவத்துக்கு முன்னால் மனசைக் கலக்க வேண்டாம் என்று மறுபடி வாயை மூடிக்கொண்டோம். லேகியத்தைக் கிளறி சம்பந்தியம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். "உங்களுக்கு அங்க சௌகரியப்படலைன்னா என்ன, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

பேரன் பிறந்தான். நாற்பது நாள் கழிந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேமராவைப் போடச் சொன்னேன். ஆட்டோவிலிருந்து சிமெண்ட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தைக்கூடத் திரும்பிக் காட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அது முடிஞ்சு எப்பம்மா எந்திரிச்சு நடந்தே?"

"அன்னைக்கு சாயங்காலமே."

"என்னைக்கு?"

நாளைச் சொன்னேன். மடியில் இருந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி, அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"அத்தைக்கு வரவே இஷ்டமில்லைம்மா. அம்மா இருக்கும்போது நான் எதுக்குன்னாங்க. எங்கம்மா வரமாட்டாங்க, நீங்களாவது வாங்கன்னு அழுது கெஞ்சித்தான் வரவழைச்சேன். நீ எந்திரிச்சு நடந்ததுக்கு மறுநாள்."