படிவத்தில் இல்லாத வரி

செவ்வாய்க்கிழமை காலை உடுமலைப்பேட்டையிலிருந்து போன் வந்தது. "அக்கா தவறிப்போயிட்டாங்க" என்றார் கமலவேணி அக்காவின் தம்பி. மாரடைப்பு. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் கண் மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகள் கண் பரிசோதித்தவர் அவர். அவர் சீட்டில் எழுதித் தருவார், நான் படிவத்தில் டைப் அடிப்பேன்.

இரங்கல் கூட்டத்துக்கு, ஊர்க்காரர்களே, நீங்களும் வந்திருந்தீர்கள். ஒரு பட்டறை முதலாளி மாலை போட்டுவிட்டுப் பேசினார். "அம்மணி பொறுமைக்குப் பேர் போனவங்க. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க." எல்லோரும் தலையாட்டினோம். அக்காவுக்குப் பொறுமையா? அதுவும் அந்த ஆளிடமா?

"கண்ணு நல்லாத் தெரியுது" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னாலே அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். தூரத்து எழுத்தைப் படிப்பது பார்வைக் கூர்மை. எது முன்னால், எது பின்னால் என்று அறிவது ஆழ உணர்வு. இரண்டு கண்களும் சற்றே வேறுவேறு படங்களைத் தருகின்றன, அவற்றைச் சேர்த்துத்தான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. கூர்மையையும் ஆழ உணர்வையும் குழப்பிய ஒரு புது டாக்டரை ஒற்றைக் கண்ணை மூடச் சொல்லி, கையை நீட்டிப் பேனாவுக்கு மூடி போட வைத்தார். மூடி பேனாவுக்கு முன்னால் காற்றில் நின்றது. "எழுத்தெல்லாம் படிச்சீங்க. மூடியப் போட முடியலீங்களே" என்றார்.

அந்த முதலாளியின் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸில் வேலை பார்த்தவர் மருதாசலம். இரும்புத் துகள் தெறித்து இடது கண் போயிற்று. புண் ஆறியதும் வேலைக்குத் தகுதியா என்று பார்க்க அனுப்பினார்கள். வலது கண் கடைசி வரிவரை படித்தது. படிவத்தில் பார்வைக் கூர்மைக்கு மட்டுமே கட்டம் உண்டு. அக்கா சீட்டில் அதை எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "ஆழ உணர்வு இல்லை. பழகும்வரை பிரஸில் நிறுத்தக் கூடாது."

அந்த வரிக்குக் கட்டம் இல்லை. நான் விட்டுவிட்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார், படிவம் போய்விட்டது.

மறுநாள் கார்பன் நகலைப் பார்த்த அக்கா உடனே பட்டறைக்குப் போன் செய்தார். "ஏனுங்க, அவர பிரஸ்ல நிறுத்தாதீங்க. தகடு எங்க, கை எங்கன்னு அவருக்குத் தெரியாதுங்க." அந்தப் பக்கம் என்ன பதிலோ, அக்காவின் குரல் வராந்தாவரை கேட்டது. "எழுத்துப் படிக்கிறதும் பிரஸ் ஓட்டறதும் ஒண்ணுங்களா? மனுசந்தானுங்களா நீங்க?" இதுதான் அதிர்ந்து பேசாத அம்மணி.

மூன்றாம் வாரம் அதே பிரஸில் மருதாசலத்தின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. "உங்க ஆசுபத்திரி படிவத்துல சரின்னுதானுங்க இருந்துச்சு" என்றார் முதலாளி. உண்மைதான். அக்கா என் மேஜைக்கு வந்தார். "ஏந்தம்பி, கட்டம் இல்லீனா உட்டுப்போடுவியா? என்னைய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" அதன்பிறகு நான் அடித்த ஒவ்வொரு படிவத்தையும் தன் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். என்னை அவர் மறுபடி நம்பவே இல்லை. நம்பியிருக்கவும் கூடாது.

அவருடைய அந்தச் சீட்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது. மருதாசலம் கூட்டத்தில் கடைசி வரிசையில், கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கும்போதே முதலாளி பொறுமை என்றார், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறையாக அக்காவின் வரியை விட்டுவிட்டேன். இப்போது அடிக்கிறேன்: கமலவேணி அக்கா கோபக்காரர். அந்த முதலாளி மீதும் கோபம், என் மீதும் கோபம். கடைசிவரை அது தணியவில்லை.