வெள்ளிக்கிழமைகளில் குறைந்த அரை லிட்டர்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஓசூரில் ஒரு கம்பெனியில் பத்து வருஷமாக லீக் டெஸ்டிங்கில் இருக்கிறேன். வார்த்தெடுத்த உலோகப் பாகத்துக்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்குவோம், குமிழி வந்தால் ஓட்டை, வராவிட்டால் ஓட்டை இல்லை, எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். நீங்கள் இதை நம்பப் போவதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனாருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று அஞ்செட்டியிலேயே இருந்தார். வாரம் இரண்டு நாள் ஓசூரில் டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை மச்சான் பஸ்ஸில் கூட்டி வருவார். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, எங்கள் வீடு இருக்கிற மூக்கண்டப்பள்ளியிலிருந்து நான் காரை எடுத்துப் போய்க் கூட்டி வருவேன். செகண்ட் ஹாண்டில் வாங்கிய கார். அதில் கூலண்ட் குறைய ஆரம்பித்தது. இன்ஜின் சூடாகாமல் காக்கிற அந்தப் பச்சைத் தண்ணீர் ஒரு நாள் டேங்கின் மேல்கோட்டில் நிற்கும், ஒரு நாள் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும். காட்டுச் சாலையில் வண்டி நின்றுபோய் டயாலிசிஸ் தவறினால் மனுஷன் பிழைக்கமாட்டார், எனக்கு அந்தப் பயம்.

மெக்கானிக் பிரஷர் ஏற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார், மீட்டர் முள் அசையவில்லை. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன், ஒரு சொட்டு இல்லை. "லீக்கே இல்ல சார், நீங்க ஊத்த மறந்திருப்பீங்க" என்றார், லீக் டெஸ்டிங்காரனைப் பார்த்து. அந்தக் கோபத்தில், கம்பெனியில் செய்வது மாதிரி தினமும் கிலோமீட்டரையும் அளவையும் நோட்டில் எழுதினேன். கடைக்குப் போனாலும் கிருஷ்ணகிரி போனாலும் குறையவில்லை. காலி வண்டியாக அஞ்செட்டி போய் வந்தாலும் குறையவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அரை லிட்டர் போனது.

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரியில் வேறு தலைவலி. மாமனார் ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது, அதற்காகவே ஒவ்வொரு தடவையும் எடை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள்.

"செவ்வாக்கெழம சரியாத்தான் வர்றீங்க, வெள்ளிக்கெழம மட்டும் அரைக் கிலோ கூடுது. திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறீங்களாய்யா? நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்" என்றார் நர்ஸ்.

"சத்தியமா குடிக்கலம்மா" என்றார் மாமனார். பெரியவர் என்றும் பார்க்காமல் நானும் திட்டினேன்.

அரை லிட்டரும் அரைக் கிலோவும் ஒன்றுதான் என்று எனக்கு உறைக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டு எடை மெஷினை டிக்கியில் போட்டுக்கொண்டு போனேன். அஞ்செட்டியில் ஏறும்போது ஐம்பத்திரண்டு கிலோ. பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, எங்கேயும் நிறுத்தாமல், பாட்டில்கூட இல்லாமல் வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் பட்டப்பகலில் மறுபடி ஏற்றி நிறுத்தினேன், ஐம்பத்திரண்டரை. பானெட்டைத் திறந்தால், கிளம்பும்போது மேல்கோட்டில் இருந்த கூலண்ட் கீழ்க்கோட்டில் நிற்கிறது. பானெட்டை மூடிவிட்டு அவரிடமே கேட்டேன்.

"மாமா, வண்டியில வரும்போது உங்களுக்கு என்ன ஆவுது?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "உங்க வண்டியில ஏறுனா மட்டுந்தான் மாப்ள தாகம் அடங்குது. வெள்ளிக்கெழம எப்ப வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

கூலண்ட் விஷம். ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை, எடை மட்டும்தான் ஏறியது, ஆனாலும் அதற்குமேல் அவரை அந்த வண்டியில் ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. வாடகைக் காரில் கூட்டி வந்தேன். எடை சரியாக வந்தது, நர்ஸ் பாராட்டினார், மாமனார் உதடு வெடித்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்ற காரைக் காட்டிக் கேட்டார். "ஒரே ஒரு தடவ மாப்ள. நிக்கிற வண்டியில சும்மா உக்காந்துட்டு எறங்கிடறேன்." சாவி மெக்கானிக்கிடம் இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், அஞ்செட்டியில் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் வாடகைக் காரில் போய், காரியம் முடித்து மூன்றாம் நாள் திரும்பினோம். எங்கள் கார் பூட்டியபடி வாசலிலேயே நின்றது. ஏதோ தோன்றி பானெட்டைத் திறந்தேன். டேங்க் காய்ந்து கிடந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், அதிலும் ஒன்றும் இல்லை. கீழே தரை உலர்ந்துதான் இருந்தது. மெக்கானிக் வந்து பிரஷர் வைத்துப் பார்த்தார், முள் அசையவில்லை.

புதிதாக ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன், நாலரை லிட்டர் பிடித்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஊற்ற ஊற்ற, வயிறு நிறையக் குடித்திருக்கிறாரே என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.