பதினேழாம் நம்பர்

என் அக்காவை வாயில்லாப் பூச்சி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினொரு வருடம் பேசாமல் இருந்தாள், வாஸ்தவம். பேசியிருந்தால் மறுநாளே வேலை போயிருக்கும்.

எங்கள் தையல் கம்பெனியில் நாங்கள் பதினேழு பேர். முதலாளியின் பதிவேட்டில் ஒன்பது பேர். மீதி எட்டுப் பேர் தைக்கும் சட்டைகள் பில் இல்லாமல், வரி இல்லாமல் பின்வாசல் வழியாகப் போகும். அதிகாரிகள் வந்தால் வாசல் மணி மூன்று முறை அடிக்கும். உடனே நாங்கள் எட்டுப் பேரும் மொட்டைமாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொள்ள வேண்டும். வெயிலாவது மழையாவது!

போன மாதம் அக்காவின் விரலில் ஊசி ஏறி உள்ளேயே முறிந்தது. காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், அப்படி ஒருத்தி அந்தக் கம்பெனியில் வேலையே பார்க்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளியும் போனில் அதையேதான் சொன்னாராம். மறுநாள் அதே மனுஷன், தைத்த சட்டை எங்கே என்று அவளிடம் வந்து நிற்கிறார். வெட்கம் வேண்டாமா? என் பெயரைப் பதிவேட்டில் எழுதும் வரை இனி ஓடமாட்டேன் என்று அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

நேற்று மணி மூன்று முறை அடித்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன், உதறினாள். எனக்குப் பயம். ஓடினேன். பாதிப் படியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

வரித்துறை அம்மா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, பத்தாவதாக உட்கார்ந்திருந்த அக்காவைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். சட்டை வாங்க வந்த பொம்பளை என்று முதலாளி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அக்கா ஒரு சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பினாள். பிழை வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய, அவரவர் நம்பரை உள்ளே தைத்தே ஆகவேண்டும். முதலாளியே போட்ட விதி அது.

"ஒன்பது பேருன்னுதானே மேடம் எழுதியிருக்கு? இதுல பதினேழு இருக்கு பாருங்க. அது நான்தான்."

அந்த அம்மா மற்ற சட்டைகளையும் திருப்பினார். பத்து, பதிமூன்று, பதினாறு. இவர்களெல்லாம் எங்கே என்றார். அக்கா மாடிப்பக்கம் திரும்பக்கூட இல்லை. தன் நம்பரை மட்டும்தான் தன்னால் சொல்ல முடியும் என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்துவிட்டார். மேலே போ என்று கண்ணாலேயே விரட்டினார். மிஞ்சிப்போனால் வேலைதானே போகும், போகட்டும். நான் கீழே இறங்கினேன்.

"பதினாறு நான் மேடம். என் பேரையும் எழுதிக்கங்க."