பத்து என்ன?

யுத்த காலத்தில் எங்கள் நீர்ப்பாசனக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த பொறியியலாளர் அவர். ஒல்லியான பெண், தடித்த கண்ணாடி. வெறும் இலக்கம் சொன்னால் விடமாட்டார். தேநீருக்குச் சீனி “ரெண்டு” என்றாலும், “ரெண்டு என்ன?” என்பார்.

கரடியனாற்றுப் பக்கத்துக் குளமொன்றின் மதகுக்கு இரும்புக் கதவு செய்ய வேண்டியிருந்தது. சோதனைச் சாவடி தாண்டி இரும்பு கொண்டுபோக ஒரேயொரு தடவைதான் அனுமதி. பழைய வரைபடத்தில் நீரின் ஆழம் “10” என்று மட்டும் இருந்தது. அதையே கணினியில் தட்டினேன். அவர் எழுதிய கணக்கு நிரல் சிவப்புக் கோடு காட்டி மறுத்தது.

“பத்து என்ன, தம்பி? வரைஞ்சவருக்கு அடி எண்டு தெரியும். இதுக்குத் தெரியாதே.”

“அடி” சேர்த்தேன், கதவுத் தகட்டின் தடிப்பு விடையாக வந்தது. மீற்றராகக் கொண்டிருந்தால் தூக்க முடியாத பாரத்தில் கதவு செய்திருப்போம்.

பொருத்திய அன்று, ஒற்றை ஆள் சக்கரத்தைத் திருப்பவே கதவு உயர்ந்தது. வயல் வட்டைக்குத் தண்ணீர் பாய்ந்தது. கொண்டாட வெடி கொளுத்தவும் அஞ்சிய காலம்; பெண்கள் குரவை போட்டார்கள்.

“உங்கட கணக்குக்கு நூறு போடலாம், மிஸ்,” என்றேன்.

சேற்றில் நின்றபடி திரும்பினார். “நூறு என்ன?”

முகத்தில் சிரிப்பில்லை. அது பகிடியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.